தராசை நம்பாதவர்

கடையில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் அவர் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார். திருப்பிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வாசிப்பார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக் கடையில் தரை துடைக்கும் திரவம் ஒன்றை அவர் வாசித்து முடிப்பதற்குள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அரிசி பருப்பெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர் என்னிடம், அந்தம்மா என்ன பரீட்சைக்குப் படிக்கிறாங்களா என்று கேட்டார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. பரீட்சை எனக்கில்லை, இந்தப் பாட்டிலுக்குத்தான் என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தார். பாட்டில் பெயிலாகிவிட்டது. வெறும் சோப்புத்தூள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். கல்குவாரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஆலை என்று இந்தப் பக்கத்தில் யார் எதைத் தொடங்கினாலும் பெரிதாக்கினாலும், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளைத் தயார் செய்து தரும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ரசாயனங்களைப் பற்றிய அத்தியாயம் அவருடையது. அதை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுவது என் வேலை. தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கெமிஸ்ட்ரி மேடம். தா.பழூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது, அதனால் தயக்கமில்லாமல் சண்டை போட்டுக்கொள்வோம்.

பெரும்பாலும் நான்தான் தோற்பேன். ஒருமுறை, “இதனால் ஏற்படும் பாதிப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல” என்று எழுதியிருந்தேன். அழகான வாக்கியம் என்று எனக்கு நினைப்பு. அவர் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, “யாருக்கு?” என்று எழுதி அனுப்பிவிட்டார். மனிதருக்கா, மாட்டுக்கா, தவளைக்கா, மண்புழுவுக்கா என்று சொல்லாமல் அந்த வாக்கியம் எங்கும் போகக்கூடாது என்றார். தவளைக்காகவெல்லாம் தமிழ் எழுத முடியாது மேடம் என்று முறைத்துக்கொண்டேன். சாயங்காலம் நான்தான் போய் மாற்றி எழுதினேன்.

அவருடைய பிடிவாதம் முழுசாக எனக்குப் புரிந்தது கரையான் விஷயத்தில். ஆபீஸ் மர அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. முதலாளி ஆள் கூட்டிவந்து, சுவரோரம் துளை போட்டு மருந்து ஊற்றச் சொன்னார். கட்டடத்துக்குப் பின்னால் வீட்டுக்காரரின் கிணறு இருக்கிறது. மேடம் துளை போடுகிற ஆளின் முன்னால் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கு எரிச்சல். வாசலில் சிமெண்ட் லாரி போய்ப் போய் மூட்டைக் கணக்கில் தூசி கிடக்கிறது, அதை விட்டுவிட்டு ஒரு பாட்டிலுக்குப் போய் இந்தக் கூத்தா என்று கேட்டார்.

மேடம் எழுந்திருக்காமலே பதில் சொன்னார்.

“சிமெண்டு வீடு கட்டறதுக்குச் செஞ்சது சார். அதப் பாத்து, இது யாருக்காவது கெடுதல் பண்ணுமான்னு கேக்கலாம். இதுக்கு அந்தக் கேள்வியே கெடையாது. பண்ணும். அதுக்குத்தான் காசு குடுத்து வாங்குறோம். கொல்றதுக்குன்னே செஞ்சது, வேலைய ஒழுங்காச் செய்யும். கரையானோட நிக்குமா, கெணத்துக்கும் போவுமான்னுதான் நாம பாக்கணும். எடை போட்டு ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.”

கடைசியில் கிணற்றுப் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கம் மட்டும் ஊற்றினார்கள். மர அலமாரி போய் இரும்பு அலமாரி வந்தது. முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இதைக் கேள்விப்பட்டு, இயற்கை வாழ்வியல்காரர் ஒருவர் அவரைத் தங்கள் கூட்டத்தில் பேச அழைக்க வந்தார். ரசாயனம் என்றாலே விஷம்தானே மேடம் என்று ஆரம்பித்தார். தண்ணீரும் ரசாயனம்தான் என்றார் இவர். வந்தவர் விடாமல், தங்கள் தோட்டத்தில் புகையிலைக் கஷாயம் மட்டுமே தெளிப்பதாகப் பெருமையாகச் சொன்னார். இயற்கைதானே, ஒரு டம்ளர் குடித்துக் காட்டுங்கள் என்று இவர் கேட்டுவிட்டார். மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அதே மேடம், தெருவில் டெங்கு வந்தபோது, தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கொசுப்புழு மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்று நகராட்சி ஆபீசுக்கு நாலு நடை நடந்தவர். கொல்ல வேண்டியதைக் கொல்லத்தான் வேண்டும் என்பார். கொன்ற பிறகு அது சும்மா இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. அவரை எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது, சில நாள் எரிச்சலாகவும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஆலை வேலை வந்தது. அரியலூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஆலை. அங்கே இயந்திரங்களைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு கோபுரம் உண்டு. கூலிங் டவர் என்பார்கள். அந்தத் தண்ணீர் குழாயில் உப்பாகப் படியாமல் இருக்க ஒரு ரசாயனம், துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, இரண்டும் பீப்பாய் பீப்பாயாக இறங்கும். பாசி பிடிக்காமல் இருக்க உயிர்க்கொல்லி. அது மட்டும் சின்னக் கேனில் வரும், வாரத்தில் இரண்டு நாள் ஊற்றுவார்கள். கோபுரத்திலிருந்து பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை அது பின்பக்கத்துக் கருவேலங்காட்டில் ஓடி மறைந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்து ஊர் ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. ஏரிக்குக் கீழே பருத்தி காய் பிடிக்கிற நேரம். ஏரிக்குள், காலனிப் பெண்கள் குத்தகைக்கு எடுத்து விட்டிருந்த மீன். ஆலைக்காரர்கள், எங்கள் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஏரிக்கே விடுகிறோம் என்றார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் அறிக்கையில் அதற்குச் சம்மதம் என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

ஆலை கொடுத்த தகவலில் ரசாயனங்களை எடைப்படி வரிசையாகப் போட்டிருந்தார்கள். பீப்பாய்ச் சரக்கு மேலே, உயிர்க்கொல்லி கடைசியில் “இதர” என்பதற்குள். மேடம் அதை அப்படியே தலைகீழாக்கினார். ஆலை மேனேஜர் போனில், லாரித் தண்ணிக்கு ஒரு மூடி மேடம், அதுக்குப் போயி என்று சிரித்தார். ஏரியில் தண்ணீர் குறையக் குறைய அந்த ஒரு மூடி பெரிதாகிக்கொண்டே போகும் என்று இவர் சொன்னார். பேச்சில் தீராது என்று, ஆபீஸ் பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்து, ஆலைத் தண்ணீரை ஊற்றி, அந்த ஏரிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். ஆபீஸ் முழுக்க மீன் நாற்றம். மீன்கள் ஜோராக நீந்தின. மறு வாரமும் நீந்தின. முதலாளி தினமும் காலையில் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிற மீன்களைக் காட்டிச் சிரிப்பார்.

மேடமுக்கும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆலையின் விதிப்படி திங்களும் வெள்ளியும் காலையில் மருந்து ஊற்ற வேண்டும், அதன் வீரியம் அடங்கும்வரை தண்ணீர் வெளியே போகும் வால்வைப் பகல் முழுக்க மூடி வைக்க வேண்டும். மாதிரித் தண்ணீர் எடுக்கிற ஆள் புதன்கிழமை போவார். அதற்குள் வீரியம் போயிருக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை என் மனைவிக்குச் சிறுவாச்சூரில் ஒரு வேண்டுதல். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் அந்தக் காளி கோயில் நடை திறக்கும். மேடமையும் காரில் ஏற்றிக்கொண்டோம். அவர் பக்திக்காக வந்தாரா, என் மனைவியின் புளியோதரைக்காக வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஈரத் தலையோடு நின்றிருந்த இளைஞர் திரும்பிப் பார்த்து, மேடமுக்கு வணக்கம் வைத்தார். ஆலையில் கூலிங் டவர் ஆபரேட்டர். ஒப்பந்தத் தொழிலாளி. கூட அவருடைய ஷிப்ட் ஆட்கள் இரண்டு பேர்.

மேடம் நலம் விசாரித்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இன்னிக்குத் திங்கக்கெழமையாச்சே தம்பி. டவர்ல யாரு மருந்து ஊத்துறது?”

உயிர்க்கொல்லியை அவர் மருந்து என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டுமே என்று சொல்லியிருப்பார்.

“இன்னிக்கு யாருங்க ஊத்துவா” என்றார் அந்த இளைஞர். “ஆத்தா கண்ணு தொறந்திருக்கற நாளு. எங்க ஆளுங்க யாரும் கொல்ற சாமானக் கையால தொட மாட்டோம். முந்தின நாளு சாயங்காலமே ஊத்திட்டுப் போயிருவோம். ரொம்ப வருஷமா அப்படித்தாங்க.”

ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மேடம் சரி தம்பி என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்தார். சாமி கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. காருக்கு வந்ததும் புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஊத்துறாங்க. வால்வு திங்கக்கெழம காலையிலதான் மூடுறாங்க” என்றார். “நடுவுல அது பாட்டுக்குத் தொறந்தே கெடக்கு சார். நாம பொதங்கெழமத் தண்ணியில மீன் வளத்துக்கிட்டிருக்கோம்.”

யோசித்தால் யாரும் தப்புச் செய்யவில்லை. கோபுரத்து ஆட்கள் சாமிக்குப் பயந்து முன்னாடியே ஊற்றினார்கள். வால்வு இருக்கிற கட்டுப்பாட்டு அறை வேறு கட்டடம். அங்கே இருந்தவர்கள் விதிப்படி திங்களும் வெள்ளியும் மூடினார்கள். இருவருக்கும் நல்ல மனசு. வீரியம் அத்தனையும் வெளியே போன பிறகு, வெறும் தண்ணீரை ஒரு பகல் பூராவும் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். போனதெல்லாம் கருவேலங்காட்டுக்குப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மேடமே ஆலைக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தொட்டிகளில் மாற்றினார். திங்கள் காலையில் முதலாளி வழக்கம்போல் சிரித்துக்கொண்டே தொட்டியை எட்டிப் பார்த்தார். அத்தனை மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மேனேஜர் அன்றே வந்துவிட்டார். அவருக்கு மீனைப் பற்றிக் கவலையில்லை, நாள் தவறி ஊற்றியது யார் என்று தெரிய வேண்டும், ஆளைத் தூக்கிவிட வேண்டும். மேடம் அந்த ஆபரேட்டரின் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கிழமை என்று எழுதுவேன், எந்த ஆள் என்று எழுத மாட்டேன் என்றார். மேனேஜர் மேஜையைத் தட்டினார். இவர் தன் தண்ணீர் டம்ளரை அந்த மேஜையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

“இவரத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டா அவரும் இந்த ஊர்க்காரராத்தான் இருப்பாரு. சாமிய மாத்த முடியாதுங்க. வால்வ மூடற நாள மாத்துங்க. ஞாயிறு, வியாழன் சாயங்காலம் மூடுங்க.”

இதற்கு மேனேஜர் ஒப்புக்கொண்டார், செலவில்லையே. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. நாளைக்கு ஒரு திருவிழா வரும், ஒரு ஆள் லீவு போடுவார், கிழமை மறுபடி மாறும். ஆலைத் தண்ணீர் நேராக ஏரிக்குப் போகக்கூடாது. நடுவில் ஒரு குட்டை வெட்டி நிறுத்தி வைத்து, அதில் மீன் விட்டு, மீன் பிழைத்தால்தான் ஏரிக்கு விட வேண்டும். குட்டை வெட்டி முடிக்கப் பங்குனி ஆகிவிடும் என்றார் மேனேஜர். அதற்குள் பருத்தி கருகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் முதலாளி, வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள், ஊர்க் கூட்டத்தில் என்னைக் கேட்டால் செத்த மீனைப் பற்றிச் சொல்லுவேன் என்று இவர் சொன்னார். வேலை போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஊர்க் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேடம் எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், ஆபரேட்டரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. குட்டை வெட்டாமல் தண்ணீர் வரக்கூடாது என்று முடித்தார். கூடம் இரைந்தது. முன்வரிசையில் ஒரு பருத்திக்காரர், அறுபது வயதிருக்கும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏம்மா, நாங்க வயக்காட்டுல அடிக்காத மருந்தா? செத்தா போயிட்டோம்?”

“வயல்ல அடிக்கிறீங்க அய்யா. ஏரிக்குள்ள எறங்கி அடிக்கிறீங்களா?”

“வானமும் பேயல. வர்ற தண்ணியையும் நீ மறிக்கிற. பருத்தி கருகுனா நீ வந்து தண்ணி ஊத்துவியா?”

ஏதாவது ஆறுதலாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள் மேடம் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

“ஊத்த முடியாதுங்க” என்றார். “ஒங்க பருத்திக்கு எங்கிட்ட வழி இல்ல. ஆனா தெரிஞ்சே அந்தத் தண்ணிய ஏரியில விடச் சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அந்த மனிதர், நீயெல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளையா என்று கேட்டார். மேடம் ஆமாங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். மீன் குத்தகைப் பெண்கள் மட்டும் பேசாமல் இருந்தார்கள். திட்டினவர்கள் நிலத்தில்தான் அவர்களுக்குக் கூலி வேலையும். செத்த மீன் கதை ஊரெல்லாம் பரவிய பிறகு வேறு எந்த ஆளும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட முன்வரவில்லை. ஆலைக்காரர்கள் வேறு வழியில்லாமல் குட்டையை வெட்ட ஆரம்பித்தார்கள். பருத்தி, எல்லோரும் சொன்னபடியே, தை மாதம் கருகியது.

அப்போதுதான் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் பருத்திக்காரரின் காட்டுக்குப் போனார். எதற்கு மேடம் வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். காதில் வாங்கவில்லை. செடிகள் இடுப்புக்குக் கீழேயே நின்றுபோய், இலை சுருண்டு, காய்கள் வெம்பிக் கிடந்தன. பாதி வெடித்திருந்ததை அந்த மனிதரும் மனைவியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தியா என்று அந்த அம்மாள் கேட்டார். ஆமாங்க, பார்க்கத்தான் வந்தேன் என்றார் இவர். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கிப் பருத்தி எடுக்க ஆரம்பித்தார். கை பழகிய கைதான். நானும் இறங்கினேன், இரண்டே செடியில் விரலெல்லாம் கீறிக்கொண்டது. வெயில் ஏறும்வரை எடுத்தோம். மடியில் சேர்ந்ததை அவர்கள் சாக்கில் கொண்டுபோய்க் கொட்டினார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பருத்திக்காரர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, “இதுனாலயெல்லாம் எனக்குக் கோவம் போயிடாதும்மா” என்றார்.

“போவ வேணாங்க. வச்சிருங்க. குட்டையிலேர்ந்து தண்ணி தொறக்கறப்ப நான் இங்க இருக்கனோ என்னமோ. நீங்க அதே கோவத்தோட போயி நில்லுங்க. மீனக் காட்டு, எந்தக் கெழமத் தண்ணின்னு சொல்லு, அப்பறம் தொறன்னு கேளுங்க.”

மேடம் சொன்னபடியே ஆயிற்று. பங்குனியில் குட்டை முடிந்ததும் எங்கள் முதலாளி அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். மேடம் சென்னைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம், பிறகு அதுவும் நின்றுவிட்டது.

போன மாதம் ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். குட்டை மதகின் மேல் பருத்திக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆலையிலிருந்து வந்த ஆள் சாவியோடு காத்திருந்தான். இவர் ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை மொண்டு, அதில் கிடந்த மீன்களைக் குனிந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டவராகவே காட்டவில்லை. மேடம் எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்து, எந்தக் கெழமத் தண்ணிடா இது என்று அதட்டினார். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.